இறங்குகோடு

நடுத்தேரி என்கிற ஊரில் இறந்தவர்களின் குரலை யாரும் வெட்டுவதில்லை, இறக்குவார்கள். பதினாறாம் நாள் விசேஷத்தன்று இலை போடுவதற்கு முன்னால் முற்றத்தில் ஒரு டிவியும் அதன் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் பெட்டிகளும் வைத்து, போனவருடைய குரலை, கல்யாண வீடியோவில் பந்தியில் ரசம் கேட்டதையும், சடங்கு வீடியோவில் சீர்த்தட்டைச் சாய்த்துப் பிடித்தவளை வைததையும், போனில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் பாதி இருமியதையும் பொறுக்கிக் கோத்து, உறவுக்காரர்கள் முன்னால் ஒருமுறை ஓடவிட்டு, கடைசியில் அந்தக் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, இருக்கிறதா இல்லையா என்று எல்லோரும் கழுத்தை நீட்டிக் கேட்கிற அளவுக்கு இறக்கி, அதன் பிறகே இல்லாமல் ஆக்குவார்கள். பட்டென்று வெட்டிவிட்டால் போனவர் வாசலிலேயே நின்று, விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டிருப்பார் என்று ஒரு பயம். இதை முதலில் சொன்னது யார் என்று கேட்டால் ஊரில் எல்லோரும் அடுத்த வீட்டைக் கைகாட்டுவார்கள்.

இறக்குகிற வேலை இலங்காமணியுடையது. மேற்குக் கோடியில் தன் வீட்டு முன்னறையிலேயே அவன் வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்தான். கம்ப்யூட்டர் திரையில் ஒரு மனிதனின் குரல் பச்சை நிறப் பட்டையாகப் படுத்துக் கிடக்கும், அதன் மேல் ஒரு மஞ்சள் கோடு ஓடும், அந்தக் கோட்டில் இங்கே ஒரு புள்ளி அங்கே ஒரு புள்ளி என்று வைத்து, முதல் புள்ளியை மேலேயும் அடுத்ததைக் கீழேயும் இழுத்துவிட்டால் போதும், நடுவில் குரல் எப்படிக் குறையவேண்டும் என்பதை மிஷின் தானே பார்த்துக்கொள்ளும். எல்லா ஊரிலும் எல்லா எடிட்டர்களும் செய்வதுதான். ஆனால் இலங்காமணி கோட்டின் நடுவே ஒரு சின்ன மேடு வைப்பான். இறங்கிக்கொண்டே வரும் குரல் அந்த இடத்தில் சட்டென்று ஒரு தடவை ஏறி, பிறகுதான் முழுக்க இறங்கும். ஏன் என்று கேட்டவர்களிடம், "செருப்ப மாட்டிக்கிட்டுக் கெளம்புன ஆளு, மறந்தத சொல்லதுக்கு ஒருக்கா திரும்பும்லா? அந்தத் திரும்புததுதான் இது" என்றான். அவன் வாழ்நாளில் பேசிய நீளமான பேச்சு அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

அவனுக்கும் சேர்த்துப் பேச அவன் மனைவி சுடலைவடிவு இருந்தாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அவள் சமையல்காரி. மத்தியானம் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து, "ஏல, தட்ட எடுத்துக்கிட்டு வரிசையில வாங்கல!" என்று அவள் ஒரு சத்தம் போட்டால், பிள்ளைகள் ஓடி வருவார்கள் என்பது ஒரு பக்கம், கிழக்கே தேரி என்கிற செம்மணல் மேட்டில் ஆடு மேய்ப்பவர்களும் தூக்குச்சட்டியைத் திறந்துவிடுவார்கள். பள்ளிக்கூட மணி கெட்டுப்போய் வருஷக்கணக்காகியும் ஊர் அதைச் சரிசெய்யாததற்குக் காரணம் சோம்பல் மட்டும் அல்ல.

அந்த வருஷம் மழை முடிந்த கையோடு அவளுக்குக் காய்ச்சல் கண்டு, அது நெஞ்சுக்குள் இறங்கி, பெரிய ஆஸ்பத்திரிக்காரர்களும் கையை விரித்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். இழுத்துக்கொண்டு கிடப்பவர் வீட்டில் முன்கூட்டியே பழைய வீடியோக்களைத் தேடி எடுத்து வைத்துக்கொள்வது ஊரில் நடப்பதுதான், அதில் யாரும் குற்றம் பார்ப்பதில்லை. ஆனால் கோட்டை மட்டும் மூச்சு நின்ற பிறகே போடவேண்டும். இலங்காமணிக்கு அது தெரியாமல் இல்லை. அவள் போன பிறகு தன் கை நடுங்கும், நடுங்கிய கையால் போட்ட கோட்டில் அவள் குரல் தடுக்கி விழும் என்று பயந்து, கை நிதானமாக இருக்கும்போதே போட்டுவைத்துவிடலாம் என்று நினைத்தான். பக்கத்து அறையில் அவள் மூச்சு இழுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, அவன் அதுவரை போட்டதிலேயே அழகான இறங்குகோட்டைப் போட்டான். போட்டுவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதான்.

மறுநாள் அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் கேட்டாள். இரண்டு வாரத்தில் அடுப்படியில் நின்றாள், மூன்றாவது வாரம் பள்ளிக்கூட வாசலில் நின்று சத்தம் போட்டாள், தேரியில் தூக்குச்சட்டிகள் திறந்தன. இலங்காமணி சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் ஓடிப்போய்க் கம்ப்யூட்டரிலிருந்து அவள் குரலை எல்லாம் அழித்தான். குரலை அழித்தவன் கோட்டை அழிக்க மறந்தான். அடியில் குரலே இல்லாமல் ஒரு மஞ்சள் கோடு வெறும் திரையில் இறங்கிக்கொண்டு கிடந்தது, எத்தனை நாள்தான் அது அப்படிக் கிடக்கும்?

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அது ஸ்டுடியோ ஜன்னல் வழியாக வெளியே வந்தது. ஜன்னல் கம்பியைத் தாண்டி நெஞ்சு உயரத்தில் தெருவுக்கு வந்து, கிழக்கு பார்த்துத் திரும்பி, ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் விரலளவு விரலளவாக இறங்கி, டீக்கடை எதிரே இடுப்பளவு ஆகி, அதைத் தாண்டி ஒரு சின்ன மேடு ஏறி, மறுபடி இறங்கி, முழங்காலாகி, கணுக்காலாகி, கடைசி வீட்டைத் தாண்டித் தேரியின் சிவப்பு மணலுக்குள் போய்ப் புதைந்தது. கோலம் போட வந்தவர்கள் அதைத் தாண்டிப் போய்த் தண்ணீர் தெளித்தார்கள். டீக்கடை மாசாணம் மின்சார ஆபீசுக்குப் போன் போட்டான், அங்கிருந்து வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, குனிந்தும் பார்த்துவிட்டு, "எங்க லைன் இல்ல, கேபிள் டிவிக்காரன கேளுங்க" என்றார். கேபிள்காரன் தன்னுடையதும் இல்லை என்றான்.

"வயருன்னா ரெண்டு பக்கமும் போஸ்ட்டு இருக்கணும்லா? இது ஒம்ம ஜன்னல்ல இருந்துல்லா வருது?" என்று மாசாணம் இலங்காமணியைக் கேட்டான்.

"எனக்கு ஒன்னும் தெரியாது" என்றான் இலங்காமணி. பார்த்த கணமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தால் திரையில் கோட்டைக் காணவில்லை. இல்லாததை எப்படி அழிப்பது?

கோட்டின் உயரம்தான் குரலின் உயரம் என்பதை ஊர் இரண்டொரு நாளில் பழகிக்கொண்டது. யார் எந்த வீட்டில் படுத்து எழுந்தாலும் அந்த வீட்டு வாசலில் கோடு எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவுதான் அவர்களுக்குச் சத்தம். பஸ் ஏறி வெளியூர் போய்ப் பேசிப் பார்த்தாலும் அதே அளவுதான். கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு கொடி கிடைத்ததை வீணாக்குவானேன் என்று பெண்கள் அதில் துணி காயப்போட்டார்கள், நனைந்த போர்வை தொங்கிய வீட்டில் அது காயும் வரைக்கும் கிசுகிசுப்பாகத்தான் பேச முடிந்தது. கோட்டைக் கையால் தூக்கிப் பிடித்தால் பிடித்திருக்கும் மட்டும் சத்தம் வந்தது, விட்டால் பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது. அதனால் துபாயில் இருந்து மகன் போன் பண்ணும் வீட்டிலும், பெண் பார்க்க வருகிற வீட்டிலும் கோட்டுக்குக் கவைக்கம்பு கொடுத்து நிறுத்தினார்கள், கம்பு சறுக்கிய இடத்தில் சம்பந்தமும் சறுக்கியது. மேற்கே கோடு உயரமாக நின்ற வீட்டுக்காரர்களுக்கு அதுவரை இல்லாத சொந்தக்காரர்கள் எல்லாம் முளைத்துப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது, ஆச்சரியம் என்ற வார்த்தையை ஒருவரும் சொல்லவில்லை. எரிச்சல் என்றுதான் சொன்னார்கள்.

ஆனால் கோடு நின்ற இடத்தில் நிற்கவில்லை. நாள் ஒன்றுக்கு ஒரு வீட்டு நீளம் அது ஜன்னலுக்குள் போனது, போன அளவுக்கு வால் தேரியிலிருந்து ஊருக்குள் இழுபட்டு வந்தது, ஜன்னல் ஓரத்தில் மட்டும் அது நெஞ்சு உயரத்திலேயே நின்றது. நேற்றுக் கணுக்காலில் இருந்த வாசலில் இன்று தரையோடு கிடந்தது, வால் கடந்துபோன வீட்டில் கோடும் இல்லை, குரலும் இல்லை. கடைசி வீட்டில் குழந்தை வாயைத் திறந்து அழுவதைக் கண்ணால் பார்த்துத்தான் தாய் தெரிந்துகொண்டாள். அடுத்த வீட்டில் சண்டை போட்டவர்கள், சத்தம் வராத சண்டையில் என்ன இருக்கிறது என்று பாதியில் விட்டுவிட்டு, அதன் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதையும் விட்டார்கள். கிழக்கிலிருந்து மேற்காக, வீடு வீடாக, அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைப்பதுபோல ஊர் அணைந்துகொண்டு வந்தது.

கோட்டின் மேடும் கூடவே மேற்கே நகர்ந்தது. பாதி அடங்கிப்போன ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே ஒரு நாள், மேடு வாசலைக் கடக்கிற அன்று, குரல் திரும்பி வந்தது. அந்த ஒரு நாளை ஊர் எப்படிச் செலவழித்தது என்பதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் டிபன் கேரியரின் மூடி யார் வீட்டுக்குப் போனது என்று காலையில் ஆரம்பித்து விளக்கு வைக்கும் வரைக்கும் கத்தினார்கள். ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் என்ன பேசலாம் என்று யோசித்து யோசித்துப் பேசாமலே பொழுதைக் கழித்துவிட்டார்கள். மாசாணம் மட்டும், கடையை அடைத்துவிட்டு, செத்துப்போன தன் தம்பி பெயரை நாள் முழுக்கக் கூப்பிட்டான்.

கூப்பிட்டு முடித்தபோது அவனுக்கு உறைத்தது. இறங்கி, ஒரு தடவை ஏறி, மறுபடி இறங்குகிற குரலைத் தன் தம்பியின் பதினாறாம் நாளில் அவன் கேட்டிருக்கிறான். ஊரே ஒவ்வொரு பதினாறிலும் கேட்டிருக்கிறது. இது இலங்காமணி போட்ட கோடு. ஊரில் செத்த எல்லோருக்கும் அவரவர் கோடு போட்டாகிவிட்டது, அப்படியென்றால் இது சாகாதவருக்குப் போட்டது; சாகக் கிடந்து பிழைத்தது அந்த வருஷம் ஒருத்திதான். மாசாணம் இதை யாருக்கும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவரவர் வீட்டில் மேடு கடந்த அன்று அவரவரே கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

இந்தச் சமயத்தில் முழுக்குரலோடு மிச்சமிருந்தது கோடு புறப்படுகிற மேற்குக் கோடி வீடு ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சத்தமில்லாமல் ஓடி, சத்தமில்லாமல் விழுந்து, சத்தமில்லாமல் அழுதார்கள். சுடலைவடிவு மட்டும் எல்லோருக்கும் சேர்த்துப் பேசினாள், வாத்தியார் எழுதிக் காட்டியதையும் அவளே வாசித்துச் சொன்னாள். அந்த அமைதியில் தன் சத்தமே தனக்கு அசிங்கமாகப் படத் தொடங்கிய ஒரு நாள் அவள் வீட்டுக்கு வந்து, ஜன்னலுக்குள் நுழைகிற கோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, ஊருக்கே தொண்ட அடச்சுக் கெடக்கு, நான் மட்டும் கத்திக்கிட்டுத் திரியுதேன். இது என் கோடுதான?"

இலங்காமணி வெறும் திரையைத் துண்டால் துடைத்தான்.

"நான் உசிரோட கெடக்கும்போதே போட்டீங்களா?"

"பிறவு கை நடுங்கும்லா" என்றான்.

அவள் கோபப்படவில்லை. "நல்லாத்தான் போட்டிருக்கீங்க" என்று சொல்லி அரிசி களையப் போனாள்.

மறுநாள் மாலை பஞ்சாயத்துத் தலைவர் தங்கப்பழம் வந்தார், கூடவே ஊரில் பாதி. மைக் பிடித்தால் விடாதவர் என்று பெயர் வாங்கிய தங்கப்பழம் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு வாயை மூடி நின்றார். ஆளுக்கு ஆள் கையில் ஆரஞ்சுப் பழமும் ரொட்டிப் பாக்கெட்டும் வைத்திருந்தார்கள், படுக்கையில் கிடப்பவரைப் பார்க்கப் போகும்போது கொண்டுபோவதை எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள்.

"என்ன மாமா, ஆருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று சுடலைவடிவு கேட்டாள்.

சொல்ல யாருக்கும் குரல் இல்லை. பழத்தையும் ரொட்டியையும் அவள் காலடியில் வரிசையாக வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்கள். மரியாதை தெரிந்த ஊர்தான், கோட்டுக்கு உரியவளே அதைக் கொண்டுபோகவேண்டும் என்பதை எவ்வளவு நாசூக்காகக் கேட்டது பாருங்கள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் இலங்காமணி ஸ்டுடியோ கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போனை மாட்டி, மைக்கைத் தன் பக்கம் திருப்பினான். அடியில் குரல் இல்லாத பசியில்தான் கோடு ஊரார் குரலைத் தின்கிறது, திரையில் ஒரு குரலை வைத்தால் ஊரை விட்டுவிட்டு அதைத் தேடி உள்ளே வரும் என்று அவனுக்குத் தோன்றியிருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல் "மைக் டெஸ்ட், மைக் டெஸ்ட்" என்று ஆரம்பித்தான். குழை காட்டிய ஆடு போலக் கோடு விறுவிறுவென்று உள்ளே வந்து அவன் குரலின் மேல் படிந்தது. அவன் குரல் இறங்கியது, இறங்கி மேட்டுக்கு வந்தபோது ஏதோ ஒன்றைச் சொன்னான், பிறகு முழுக்க இறங்கிவிட்டது. ஆனால் அவனிடம் இருந்ததே கொஞ்சம். அடுப்பில் உலை கொதிக்கிற நேரத்துக்குள் அவனை முடித்துவிட்டு, பசி அடங்காமல் கோடு மறுபடி ஜன்னலைத் தாண்டித் தெருவுக்கு வந்து, பழைய இடத்திலேயே நின்றது. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு எதிர்வீட்டில் ஒருவர் தும்மிய சத்தம் மட்டும் கேட்டது.

சுடலைவடிவு திரும்பி வந்து, சாப்பிடக் கூப்பிட்டு, அவன் வாயசைவைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டாள். "கோட்டிக்கார மனுசா, பைத்தியக்கார மனுசா" என்று அவன் தோளில் அடித்து அழுதாள். அழுது ஓய்ந்ததும் ஹெட்போனை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, அவன் பேசியதை ஓடவிடச் சொன்னாள். மைக் டெஸ்ட், மைக் டெஸ்ட் என்று கேட்டது. இறங்கிக்கொண்டே போனது. மேடு வந்த இடத்தில், இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவள் கேட்டிராத உரத்த குரலில், "ஒன் சத்தம் போயிட்டுன்னா எனக்கு எதுக்குச் சத்தம் வடிவு?" என்று கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை.

ஹெட்போனைக் கழற்றாமலே அவள் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். அவன் அவள் கையைப் பிடித்தான், வேண்டாம் என்று தலையை ஆட்டினான், வாயைத் திறந்து திறந்து மூடினான்.

"பேசாதீங்க" என்றாள் அவள், பழக்கத்தில். "நாளைக்குப் பிள்ளையளுக்கு முட்ட போடணும். தட்டுல முட்ட விழலன்னா சொல்லதுக்காவது அதுகளுக்கு வாய் வேண்டாமா?"

கோடு வந்தது. அவள் பேசினாள். யாரிடம் என்றில்லாமல், கூடத்துச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்பதிலிருந்து, சின்னப் பிள்ளைகளுக்குச் சோற்றை ஏன் மசித்துப் போடவேண்டும் என்பது வரை, தங்கப்பழத்தின் ஆரஞ்சு புளிப்பு என்பது வரை, இலங்காமணி ராத்திரி போர்வையை உதைத்துத் தள்ளுவது வரை, வைதும் சிரித்தும் பேசிக்கொண்டே இருந்தாள், கோடு தெருவிலிருந்து வீடு வீடாக உள்ளே வந்து அவள் குரலைக் குடித்துக்கொண்டே இருந்தது. தேரிப் பக்கத்துக் கடைசி வீட்டில் குழந்தை அழுகிற சத்தம் முதலில் கேட்டது. பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டே மாசாணம் செருமினான், தங்கப்பழம் "சோதனை, சோதனை" என்று யாரும் தராத மைக்கில் சொல்லிப் பார்த்தார். அவள் குரல் கிசுகிசுப்பானபோது மேடு வந்தது. அவள் நாற்காலியை விட்டு எழுந்து, ஜன்னல் பக்கம் திரும்பி, அதில் தன்னிடம் இருந்ததை எல்லாம் போட்டுச் சத்தமிட்டாள். அதன் பிறகு அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது, கோட்டின் வால் மணலை உதறிவிட்டுக் கடைசியாக ஜன்னலுக்குள் நுழைந்தது.

ஊர் நன்றி கெட்டது அல்ல. வழக்கம் தெரிந்தது. குரலானாலும் போனது போனதுதான் என்று தங்கப்பழமே முன்னின்று, அதற்குப் பதினாறாம் நாள் விசேஷம் வைத்தார். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, டிவி வைத்து, ஸ்பீக்கர் வைத்து, வெளியூர்ச் சமையல்காரரை வரவழைத்து, சுடலைவடிவுக்குப் புதுச்சேலை எடுத்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். எல்லோரும் பேசினார்கள். வெங்காயத்தைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசினார்கள், அவளைப் பற்றி அவள் முன்னாலேயே, "நல்ல கொரலுடே, கணீர்னு இருக்கும்" என்று இறந்தவரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார்கள். அவள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது; சத்தமில்லாத அழுகையை யாரும் கவனிக்கவில்லை.

இலங்காமணி வீடியோவை ஓடவிட்டான். சாவி எந்த ஆணியில் என்று அவள் குரல் சொன்னது, ஊர் சிரித்தது. ஆரஞ்சு புளிப்பு என்றது, தங்கப்பழம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரல் இறங்கத் தொடங்கியது, கூட்டம் கழுத்தை நீட்டியது, இருக்கிறதா இல்லையா என்கிற இடத்துக்கு வந்து, மேடு ஏறியது.

"ஏல, தட்ட எடுத்துக்கிட்டு வரிசையில வாங்கல!"

பந்தலுக்குப் பின்னால் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு, சத்துணவுக் கூடத்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். சின்னது முன்னால், பெரியது பின்னால், வழக்கம்போல வரிசையாக ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் வந்து நின்று தட்டை நீட்டினார்கள். குரல் இறங்கி இல்லாமல் ஆகிவிட்டது. பிள்ளைகள் நின்றுகொண்டே இருந்தார்கள். போங்கடே, இலை போடுதாங்க, அங்க போய் உக்காருங்க என்று பெரியவர்கள் சொன்னார்கள். எல்லோருக்கும்தான் இப்போது குரல் இருந்ததே, ஆனால் பிள்ளைகள் நகரவில்லை.

சுடலைவடிவு எழுந்தாள். புதுச்சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வெளியூர்ச் சமையல்காரர் கையிலிருந்து கரண்டியை வாங்கி, சோற்று அண்டாவை ஸ்பீக்கருக்கு முன்னால் இழுத்துப் போட்டு, முதல் தட்டில் சோறு வைத்து, கரண்டியின் பின்பக்கத்தால் அதை மசித்தாள். அடுத்த தட்டு வந்தது.

திரையில் ஒன்றும் இல்லை, ஸ்பீக்கரிலும் ஒன்றும் இல்லை. கடைசிப் பிள்ளை சோறு வாங்கிப் போகும் வரைக்கும் இலங்காமணி வீடியோவை நிறுத்தவில்லை.